வீட்டுக்கும் ஒரு மார்க்‌ஷீட்!

'டூ-லெட்' போர்டைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க என்ன கேட்பாங்க? 'வாடகை எவ்ளோ? அட்வான்ஸ் எத்தனை மாசம்? தண்ணி வருமா? பைக் நிறுத்த இடம் இருக்கா? பேச்சுலருக்குக் கொடுப்பீங்களா?' அஞ்சாவது கேள்விக்கு 'இல்லப்பா'ன்னு பதில் வந்தா நடையைக் கட்டுவோம். 'சரி'ன்னு வந்தா, அட்வான்ஸைக் கையில திணிச்சுட்டு அன்னைக்கு ராத்திரியே பாயைச் சுருட்டிட்டு வந்துருவோம்.

'இந்த வீடு மாசத்துக்கு எவ்ளோ கரன்ட் குடிக்கும்? மே மாசம் ராத்திரி இங்கே மனுஷன் தூங்க முடியுமா?' - இதை மட்டும் யாருமே கேட்கிறதில்லை. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனா முதல் கேள்வியே 'மைலேஜ் என்ன?'தான். வீட்டுக்கு மட்டும் ஏன் மைலேஜ் கேட்க மாட்டேங்குறோம்?

இந்த ஞானோதயம் எனக்கு வாடகைக்கு வீடு தேடினப்போ வரலை. வாடகைக்கு வீடு விடுற குடும்பத்துப் பொண்ணா இருந்து வந்தது. கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான். இருந்தாலும் சொல்லிடுறேன்.

மாடி வீட்டு அண்ணாவும் 'வரத்தான் செய்யும்' அப்பாவும்!

மதுரை திருநகர்ல எங்க வீடு. கீழே நாங்க இருக்கோம். மாடியில ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கோம். கடைசியா குடியிருந்தது ஒரு அண்ணா, அக்கா, ரெண்டு வயசுக் குட்டிப்பையன். 14 மாசம் இருந்தாங்க. அக்கா வச்ச ரசத்துக்காகவே நான் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வருவேன்.

ஆனா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிற அன்னைக்கு மட்டும் வீட்ல மூடு மாறிடும். "சார், நாங்க ரெண்டு பேரும் பகல்ல வேலைக்குப் போயிடுறோம். புள்ளை அவங்க அம்மாச்சி வீட்ல இருக்கான். ராத்திரி மட்டும்தான் ஏ.சி. அதுக்கு எப்படி சார் இம்புட்டு யூனிட்?"ன்னு அண்ணா கேட்பார். "ஏ.சி. போட்டா வரத்தான் செய்யும் தம்பி"ன்னு அப்பா பேப்பரை மடிக்காமலே பதில் சொல்லுவார்.

நாலஞ்சு தடவை இப்படி. கடைசியா ஒருநாள் குரல் உசந்துருச்சு. "மீட்டர் என்ன பொய்யா சொல்லும்? நீங்கதான் கணக்குத் தெரியாம செலவழிக்கிறீங்க"ன்னு அப்பா சொல்லிட்டார். அடுத்த மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. போகும்போது அக்கா என்கிட்ட மட்டும்தான் சொல்லிட்டுப் போனாங்க.

நான் இ.இ.இ. மூணாம் வருஷம். லீவுல ஒரு மினி புராஜெக்ட் பண்ணியே ஆகணும். மாடி வீடு காலியா இருக்கு. 'அடுத்த ஆள் வர்றதுக்குள்ள இந்த வீட்டுக்கு ஒரு எனர்ஜி ஆடிட் பண்ணினா என்ன?'ன்னு தோணுச்சு. லேப்ல இருந்து கிளாம்ப் மீட்டரும், தூரத்துல இருந்தே சூடு பார்க்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் கடன் கேட்டேன். "உடைச்சா நீதாம்மா கட்டணும்"னு ஆசீர்வாதம் பண்ணிக் கொடுத்தாங்க.

அங்கே ஏ, பி, சி... இங்கே?

ஐடியா என் சொந்தச் சரக்கு இல்லை. இங்கிலாந்துல எம்.எஸ். படிக்கிற என் சித்தி பையன், வீடு தேடுறப்போ ஒரு விளம்பரத்தை வாட்ஸ்-அப்ல அனுப்பினான். வாடகை, பெட்ரூம் எண்ணிக்கை இதுக்கெல்லாம் பக்கத்துல ஒரு கலர் பட்டை. பச்சையில 'ஏ', சிவப்புல 'ஜி'. அந்த வீட்டுக்கு 'டி'. 'என்னடா இது, வீட்டுக்கு கிரேடு போட்டிருக்காங்க?'ன்னு கேட்டா, 'இங்கே இது இல்லாம வாடகைக்கே விட முடியாது'ன்னான்.

தேடிப் படிச்சேன். வீட்டை விற்கும்போது எனர்ஜி லேபிள் கொடுக்கணும்னு டென்மார்க்ல 1997-லயே கொண்டுவந்துட்டாங்க. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா இருக்கிற பகுதியில 1999-ல இருந்து, வீட்டை விற்கிறவர் அதோட ரேட்டிங்கைச் சொல்லியாகணும். ஐரோப்பிய யூனியன் 2002-ல போட்ட உத்தரவு மூலமா இது மற்ற நாடுகளுக்கும் பரவுச்சு. இங்கிலாந்துல 2007-ல வீட்டு விற்பனைக்கும், 2008 அக்டோபர்ல வாடகைக்கும் சர்ட்டிஃபிகேட் வந்தது. ஒருதடவை எடுத்தா 10 வருஷத்துக்குச் செல்லும். 2018 ஏப்ரல்ல இன்னும் ஒருபடி மேலே போய், 'ஈ' கிரேடுக்குக் கீழே இருக்கிற வீட்டைப் புதுசா வாடகைக்கு விடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சில விதிவிலக்குகள் உண்டு. சுருக்கமா, வீடு அரியர் வச்சா வாடகை கட்!

நம்ம நாட்ல? ஃபிரிட்ஜ், ஏ.சி.யில ஸ்டார் ஒட்டுற பி.ஈ.ஈ. அமைப்பு 2002-ல வந்தது. ஸ்டார் லேபிள் 2006-ல ஆரம்பம். வீட்டுக் கட்டடங்களுக்குன்னு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ங்கிற விதிமுறையை 2018 டிசம்பர்ல வெளியிட்டாங்க. சுவர், ஜன்னல், கூரை வழியா எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம்னு அதுல கணக்கு இருக்கு. கூரையோட 'யு' மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரி. (ஒரு சதுர மீட்டர் கூரை வழியா, உள்ளே-வெளியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்குதுங்கிறதுதான் 'யு' மதிப்பு. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் ஞாபகம் வருதா?) எங்க மாடி மாதிரி தட்டோடு இல்லாத வெறும் கான்கிரீட் தளத்துக்குக் கணக்குப் போட்டேன். ரெண்டு மடங்குக்கும் மேலே வந்துச்சு. முதல் பேப்பர்லயே ஃபெயில்!

ஆனா, பழைய வீட்டை வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி ரேட்டிங் வாங்கியாகணும்னு இங்கே கட்டாயம் இல்லை. அப்போ, நமக்கு நாமே ஆடிட்டர்!

சிவப்பு விளக்கு சொன்ன சேதி!

எலெக்ட்ரானிக் மீட்டர்ல ஒரு குட்டி சிவப்பு எல்.இ.டி. விட்டு விட்டு எரியும். பக்கத்துல '3200 இம்ப்'னு பொடி எழுத்துல இருக்கும். அந்த விளக்கு 3,200 தடவை மின்னினா ஒரு யூனிட் காலின்னு அர்த்தம். (சில மீட்டர்ல இந்த எண் வேறயா இருக்கும். பார்த்துக்குங்க.) 3200 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி: ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு பாருங்க. 1,125-ஐ அந்த செகண்டால வகுத்தா, அந்த நிமிஷம் வீடு எத்தனை வாட் இழுக்குதுன்னு தெரிஞ்சுடும். 15 செகண்டுக்கு ஒருதடவை மின்னினா 75 வாட். அதாவது, ஒரு பழைய சீலிங் ஃபேன். மீட்டரைத் தொடவே வேணாம். செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும்.

முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியில எல்லா சுவிட்சையும் அணைச்சேன். விளக்கு மின்னலை. கசிவு இல்லை. 'குட் கேர்ள்'னு வீட்டுக்குச் சொல்லிட்டு ரீடிங்கைக் குறிச்சு வச்சுட்டுத் தூங்கப் போயிட்டேன்.

காலையில ஏழரைக்கு மீட்டரைப் பார்த்தா, முக்கால் யூனிட்டுக்கு மேலே ஓடியிருக்கு! மாடி பூட்டிக்கிடக்கு. சாவி என் பாக்கெட்ல. பேயா குடியிருக்கும்? அப்படியே குடியிருந்தாலும் ஃபேன் போட்டா தூங்கும்?

மறுநாள் ஆறரைக்கே எழுந்து மீட்டர் பெட்டி முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துட்டேன். அப்பா பல் விளக்கிக்கிட்டே வந்து, வழக்கம்போல போர் மோட்டார் சுவிட்சைப் போட்டார். மாடி வீட்டு மீட்டர்ல சிவப்பு விளக்கு படபடன்னு மின்ன ஆரம்பிச்சிருச்சு. பத்து மின்னலுக்குப் பத்தரை செகண்ட். கணக்குப் போட்டேன். சுமார் 1,070 வாட். ஒரு ஹெச்.பி. மோட்டார் இழுக்கிற கரன்ட்!

எங்க கீழ் வீட்டு மீட்டரைப் பார்த்தேன். பேசாம இருந்துச்சு.

"அப்பா... இந்த மோட்டார் எந்த லைன்ல ஓடுது?"

"நம்ம லைன்லதான்."

"இங்கே வந்து பாருங்க."

வாயில நுரையோட வந்து பார்த்தார். மோட்டாரை அணைக்கச் சொன்னேன். விளக்கு நின்னுச்சு. போடச் சொன்னேன். மின்னுச்சு. மூணு தடவை போட்டு அணைச்சோம். நாலாவது தடவை அப்பாவே அணைச்சுட்டு, பல்லைக் கொப்பளிக்காமலே படியில உட்கார்ந்துட்டார்.

அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு. சில வருஷம் முன்னாடி கீழ் வீட்டு வயரிங்கை மாத்தினப்போ, தண்ணிக்குக் கஷ்டமா இருக்குன்னு மோட்டாரைத் தற்காலிகமா மாடி லைன்ல மாட்டியிருக்காங்க. அப்போ மாடி காலி. வேலை முடிஞ்சதும் திருப்பி மாத்த யாருக்கும் தோணலை. அதுக்கப்புறம் அதை நாங்க எல்லாருமே மறந்துட்டோம். ரெண்டு குடும்பத்துக்கும் தண்ணி ஏத்தின கரன்ட்டுக்கு மாடி வீட்டு அண்ணா மட்டும் பில் கட்டியிருக்கார்.

காலையில முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு 1.6 யூனிட். ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 100 யூனிட். தமிழ்நாட்ல 2016-ல இருந்து ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாச்சே... அந்த இலவசத்தை அப்படியே எங்க மோட்டார் குடிச்சிருக்கு!

அதோட போச்சான்னா, இல்லை. 2024 ஜூலைக் கட்டணப் பட்டியல்படி, ரீடிங் 500-க்குள்ள இருந்தா ஒரு கணக்கு. தாண்டிட்டா 101-வது யூனிட்ல இருந்தே வேற கணக்கு. கோடையில அவங்க ரீடிங் 560. மோட்டாரைக் கழிச்சா 460. எங்க தப்பு அவங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கு.

அந்த போன் கால்

பழைய பில்லையெல்லாம் எடுத்து வச்சு அப்பாவும் நானும் கூட்டினோம். 14 மாசத்துல ஏழு பில். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. "இப்ப போய் இதை எதுக்குக் கிளறணும்? அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க"ன்னு அம்மா மெதுவா சொன்னாங்க. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் அப்பாவும் ஒண்ணும் பேசலை.

மூணாவது நாள் சாயங்காலம் அவரே போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டார். அண்ணா, அட்வான்ஸ்ல பிடிச்ச பெயின்ட் காசு விஷயம்னு நினைச்சு, "சொல்லுங்க சார்"னு விறைப்பாவே ஆரம்பிச்சார். அப்பா எல்லாத்தையும் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குட்டிப்பையன் கத்துறது மட்டும் கேட்டுச்சு.

"அப்ப அன்னைக்கு நான் சொன்னது சரிதானே சார்?"

"சரிதான் தம்பி. நாந்தான் எந்திரிச்சு வந்து பார்க்காம பேசிட்டேன். பணத்தை அனுப்பிடுறேன். நம்பர் இதுதானே?"

"இதுதான் சார்."

அவ்ளோதான். சினிமா மாதிரி யாரும் அழலை. போனை வச்சுட்டு அப்பா என்கிட்ட, "பாப்பா, மீட்டர் பொய் சொல்லாது. ஆனா, யாரைப் பத்திச் சொல்லுதுன்னு பார்க்கணும்போல"ன்னார். அடுத்த நாளே லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வரவழைச்சு மோட்டார் லைனை எங்க பக்கம் மாத்திட்டோம்.

மொட்டை மாடியில ஒரு வெள்ளைப் புரட்சி

திருடனைப் பிடிச்சாச்சு. இன்னும் சூடு இருக்கே! மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடித் தளத்துல தெர்மாமீட்டரைக் காட்டினேன். 58 டிகிரி. தோசை ஊத்தலாம். ஆனா, வீட்டுக்குள்ள சீலிங் உச்ச சூட்டுக்குப் போனது சாயங்காலம் ஆறு மணிக்கு. 42 டிகிரி. கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைச் சேமிச்சு, நாம வேலை முடிஞ்சு வர்ற நேரம் பார்த்து உள்ளே இறக்குது. 'வெளியே காத்து ஜில்லுன்னு இருக்கு, உள்ளே வேகுது'ன்னு சொல்றோமே, காரணம் இதுதான். ஃபேனைப் போட்டா அந்தச் சூட்டைத்தான் நம்ம தலையில தள்ளும்.

தட்டோடு பதிச்சா நல்லதுதான். ஆனா, பட்ஜெட் உதைச்சுது. கிளிஞ்சல் சுண்ணாம்புல பசை கலந்து, நானும் தம்பியும் சாயங்கால நேரத்துல ரெண்டு கோட் அடிச்சோம். செலவு ஆயிரத்துச் சொச்சம், கூடவே ரெண்டு புரோட்டா செட். ஒரு வாரம் கழிச்சு அதே ரெண்டு மணிக்குப் பார்த்தா தளம் 43 டிகிரி. சீலிங் ஆறு மணிக்கு 37. வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிடுது. மழையில கரையும்கிறதால வருஷா வருஷம் அடிக்கணும். வயசானவங்களும் நாமளும் ஏறி அடிக்கும்போது, ஈரச் சுண்ணாம்புல வழுக்கும், கண்ணுல பட்டா ஆபத்து. கவனம்!

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

வீடு பார்க்கப் போறப்போ இந்த லிஸ்ட்டை மனசுல வச்சுக்குங்க. அரை மணி நேர வேலைதான்.

* கடைசி ஒரு வருஷ இ.பி. பில்லைக் கேளுங்க. கோடை ரீடிங்கும் மழைக்கால ரீடிங்கும் தனித்தனியா தெரியணும். தயங்கினாங்கன்னா, நீங்களும் தயங்குங்க.

* உங்களுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா? சப் மீட்டர்னா ஒரு யூனிட்டுக்கு எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. 'ஃபிளாட் ரேட்'னு சொன்னா, இலவச 100 யூனிட் யார் கணக்குல போகுதுன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க.

* எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு மீட்டர் விளக்கைப் பாருங்க. அப்புறம் மோட்டாரைப் போடச் சொல்லுங்க, படிக்கட்டு லைட்டைப் போடச் சொல்லுங்க. உங்க மீட்டர் மின்னினா, பேச வேண்டிய விஷயம் இருக்கு.

* சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்க. காலையில பத்து மணிக்கு எல்லா வீடும் ஊட்டிதான். கடைசி மாடியா, மேற்குச் சுவரா, கூரையில தட்டோடு இருக்கா, எதிரெதிர் ஜன்னல் இருக்கா?

* ஏ.சி. ரூம் கதவை மூடி, இடுக்குல ஊதுபத்தியைக் காட்டுங்க. புகை நேரா போனா ஓகே. ஆட்டம் போட்டா, உங்க குளிர்ச்சியும் அந்த வழியா ஆட்டம் போடும்.

* வீட்டோட ஏ.சி., ஃபிரிட்ஜ் கொடுத்தா, ஸ்டார் எத்தனைன்னு மட்டும் பார்க்காதீங்க, லேபிள்ல வருஷத்தையும் பாருங்க. விதிகள் இறுகிக்கிட்டே வருது. பத்து வருஷம் முன்னாடி வாங்கின அஞ்சு ஸ்டாரும் இப்போதைய அஞ்சு ஸ்டாரும் ஒண்ணு இல்லை.

* சாதா ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 12 மணி நேரம் ஓடினா, ஒரு ஃபேன்ல ரெண்டு மாசத்துக்கு 32 யூனிட் மிச்சம். நாலு பேர் இருக்கிற வீட்ல சேர்ந்து வாங்கலாம். காலி பண்றப்போ கழட்டிக்கிட்டும் போகலாம்!

* ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. 'டெஸ்ட்' பட்டனை அமுக்கினா சட்டுன்னு விழணும். விழலைன்னா அது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். மீட்டர் சீலையோ வயரையோ நீங்களே பிரிச்சுப் பார்க்கவே கூடாது.

எழுதினதால போன ஐந்நூறு!

எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதி மாடிக் கதவுல ஒட்டினேன். 'மோட்டார்: கீழ் வீட்டு மீட்டர். கூரை: சுண்ணாம்பு அடித்தது, தட்டோடு இல்லை. மேற்கு அறை: சாயங்காலம் சூடு. பழைய ஃபேன்: இரண்டு. கோடையில் ரீடிங்: சுமார் 460.' பாஸான பாடம், ஃபெயிலான பாடம் எல்லாம் ஒரே பேப்பர்ல.

அடுத்த வாரம் ஒரு பேங்க் ஊழியர் குடும்பத்தோட வந்து பார்த்தார். கதவுல ஒட்டினதை மேலே இருந்து கீழே வரைக்கும் படிச்சார். "மேற்கு ரூம் சூடுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே சார். ஒரு ஐந்நூறு குறைச்சுக்கலாமே?"ன்னார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னை முறைச்சாங்க. பேசி முடிச்சதுல, ஐந்நூறு குறைஞ்சுச்சு. தட்டோடு பதிக்கிற அன்னைக்குப் பழைய வாடகைன்னு ஒப்பந்தம்.

"படிக்க வச்சதுக்கு மாசம் ஐந்நூறு நஷ்டம்"னு அம்மா இன்னமும் சொல்லிக் காட்டுறாங்க. ஆனா, போன ரீடிங் அன்னைக்கு மாடியில இருந்து யாரும் இறங்கி வரலை. அப்பா பேப்பர் படிச்சு முடிச்சுட்டு, அவராவே எழுந்து போய் மீட்டரைப் பார்த்துட்டு வந்தார்.

நீங்க குடியிருக்கிற வீட்டு மீட்டரை இன்னிக்கு ராத்திரி ஒருதடவை எட்டிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். சிவப்பு விளக்கு என்ன சொல்லுதுன்னு எண்ணுங்க. அப்படியே, உங்க வீட்டு மோட்டார் யார் மீட்டர்ல ஓடுதுன்னும் பார்த்துடுங்க!